ஏழு பேப்பர்

பெரியவளுக்குப் பொய் சொல்லவே வராது. சின்ன வயதில் தம்பியின் மிட்டாயைத் தின்றுவிட்டு, "நான் தின்னல" என்று சொல்லும்போதே புறங்கையால் வாயைத் துடைத்துக்கொள்கிற ரகம். அப்படிப்பட்டவள் கடல் தாண்டிப் போய், இருபத்தாறு வயதில், ஒரே ஒரு பெரிய பொய் சொன்னாள். சொன்னதுதான் சொன்னாள், கொஞ்சம் சின்னதாகச் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? அதைத்தான் இத்தனை வருஷமாக அவளும் தன்னைத்தானே கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

வீட்டில் பிள்ளைகள் இரண்டே பேர். மூத்தவள் பெரியவள், இளையவன் சின்னவன். முறையாகப் பெயர் வைக்காமல் இல்லை. அது பள்ளிக்கூட ரிஜிஸ்டரோடு சரி, வீட்டில் யாரும் வாயில் எடுத்ததில்லை.

அப்பா ஒரு பள்ளிக்கூடத்தில் பியூன். மணி அடிப்பார், சுற்றறிக்கை கொண்டுபோவார், கரும்பலகை துடைப்பார். மற்ற நாளெல்லாம் இருக்கிற இடம் தெரியாத மனுஷன், பரீட்சை வந்துவிட்டால் ஆளே மாறிப்போவார். சலவைச் சட்டை, படிய வாரின தலை, சட்டைப் பையில் விடைத்தாள் கட்டுகிற நூல்கண்டு. கேள்வித்தாள் கட்டை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வருவார். வராந்தாவில் ஒரு செருப்புச் சத்தம் கேட்கக் கூடாது. தலைமை ஆசிரியரே ஆனாலும் உதட்டில் விரலை வைத்துக் காட்டிவிடுவார். அவர் பத்தாம் வகுப்பில் கணக்கில் கோட்டை விட்டவர். பரீட்சை எழுதுகிற பிள்ளை என்றால் அவருக்கு அவ்வளவு மரியாதை.

ஒரு தடவை ஒரு மாணவனின் மாமா வேர்த்து விறுவிறுத்து ஓடிவந்தார். பையனின் அம்மாவுக்குச் சீரியஸ், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது, பையனை உடனே அனுப்புங்கள் என்று. அப்பா அவரை ஸ்டூலில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் நாப்பதே நிமிஷம்ங்க. எழுதி முடிச்சிடட்டும்" என்று நிறுத்திவைத்துவிட்டார். பையன் முழுசாக எழுதிவிட்டுப் போனான். அந்த அம்மாவும் பிழைத்துக்கொண்டார். இந்தக் கதையை அப்பா வருஷத்துக்கு நாலு தடவையாவது சொல்வார். "பரீட்சையும் கெடல, பெத்தவளுக்கும் ஒண்ணும் ஆகல, பாத்தியா?" என்று முடிப்பார். ஏதோ அவரே அந்த அம்மாவுக்கு மருந்து கொடுத்த மாதிரி.

இந்த வீட்டிலிருந்துதான் பெரியவள் வெளிநாட்டுக்குப் படிக்கப் போனாள். நுண்ணுயிரியல். இரண்டு வருஷப் படிப்பு. பணம் புரட்டின கதை தனிக் கதை, அது இங்கே வேண்டாம். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. பால்காரரிலிருந்து பஸ் கண்டக்டர் வரை ஒருத்தர் பாக்கியில்லாமல் சொல்லித் தீர்த்தார். "கிருமியைப் பத்திப் படிக்கப் போறா. கண்ணுக்கே தெரியாது, அதைப் பத்தி ரெண்டு வருஷம் படிப்பாங்களாம்!"

போன இடத்தில் என்ன நடந்தது? பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் கொடுமை. யாரும் அவளை விரட்டவில்லை, யாரும் ஏமாற்றவில்லை. பாடம் நடத்துகிறவர் பேசுகிற வேகத்துக்கு இவள் காது ஓடவில்லை. மற்றவர்கள் சிரித்து முடித்தபிறகுதான் இவளுக்குச் சிரிப்பு வரும். செலவுக்கு வேலை வேண்டும் என்று ஒரு லாண்டரியில் சேர்ந்தாள். ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்பு, தலையணை உறை, நோயாளிகளின் அங்கி எல்லாம் லாரி லாரியாக வந்து வெளுத்துப் போகிற இடம்.

அந்த லாண்டரி நடுவில் சுவர் வைத்துக் கட்டியது. ஒரு பக்கம் அழுக்குப் பக்கம், மறுபக்கம் சுத்தப் பக்கம். சுவருக்குள்ளேயே சலவை இயந்திரங்களைப் பதித்திருந்தார்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு கதவு. இந்தப் பக்கம் திணித்தால் அந்தப் பக்கம் எடுப்பார்கள். புதிதாக வந்தவர்களுக்கு அழுக்குப் பக்கம்தான். தொற்று நோயாளிகளின் துணி சிவப்புப் பையில் வரும், பையைப் பிரிக்காமல் அப்படியே உள்ளே போடவேண்டும். மற்றதை ஓடுகிற பெல்ட்டில் கொட்டிப் பிரிக்கவேண்டும். விரிப்புக்குள்ளிருந்து மூக்குக் கண்ணாடி வரும், பல்செட் வரும், ஒரு நாள் டிவி ரிமோட் வந்தது. கிருமியைப் பற்றிப் படிக்க வந்தவளுக்குக் கிருமி மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. இதைச் சொல்லி அவளே சிரிப்பாள், ஆரம்பத்தில்.

அதிகாலை ஷிப்டு முடித்து வகுப்புக்குப் போனால் நாற்காலியில் உட்கார்ந்ததும் கண் சொருகும். முதல் பருவத்தில் இரண்டு பாடம் போச்சு. திரும்ப எழுதியும் போச்சு. இரண்டாம் வருஷம் பாதியில் கல்லூரியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ரொம்ப மரியாதையான கடிதம். வருந்துகிறோம் என்று மூன்று இடத்தில் எழுதியிருந்தார்கள். சுருக்கமாகச் சொன்னால், இனிமேல் வரவேண்டாம்.

அன்றைக்கே அப்பாவைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தால்? சொல்லத்தான் எடுத்தாள். போனை எடுத்ததும் அப்பா, "அம்மாடி, ஹெச்எம் சார் உன்னைப் பத்தி அசெம்பிளியில பேசினார் தெரியுமா! ஆயிரத்து இருநூறு பிள்ளைங்க கை தட்டுச்சு!" என்றார். பெரியவள் மென்று முழுங்கிவிட்டு, "அப்படியாப்பா" என்றாள். அவ்வளவுதான். அப்புறம் சொல்ல நாள் கிடைக்கவே இல்லை.

லாண்டரியில் நல்ல பெயர் எடுத்திருந்தாள். மேற்பார்வைக்காரம்மா எழுதிக்கொடுத்து, வேலை அனுமதி கிடைத்து, சட்டப்படி அங்கேயே தங்கினாள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் மட்டும் ஒரு கூத்து நடக்கும். குளித்து, நல்ல சட்டை போட்டு, பழைய கல்லூரி அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, இரண்டு பஸ் மாறி அந்தக் கல்லூரிக்குப் போவாள். பூட்டின கட்டடத்துக்கு முன்னால் பெஞ்சில் உட்கார்ந்து வீட்டுக்கு வீடியோ கால் போடுவாள். அப்பா அவள் முகத்தைவிட முதுகுக்குப் பின்னாலிருக்கும் கட்டடத்தைத்தான் அதிகம் பார்ப்பார். "எத்தனை ஜன்னல்டா அது! எல்லாம் கிளாஸ் ரூமா? கொஞ்சம் நகரு, மறைக்கிற."

அவளோடு ஒரே அறையில் இருந்தவள் லாண்டரியிலேயே வேலை பார்க்கும் ஒருத்தி. நம்ம பேச்சுப் பேசுகிறவள்தான். வாசற்படியில் தலை இடிக்கும் உயரம், அதனால் நெட்டை என்றே கூப்பிட்டார்கள். வாய் சும்மா இருக்காது. "போற போக்கைப் பாத்தா நீ அந்த பெஞ்சுலயே டிகிரி வாங்கிடுவ" என்பாள். பெரியவள் சிரித்து வைப்பாள். ஊமைக்காயம் மாதிரி உள்ளே வலிக்கும்.

இரண்டு வருஷப் படிப்பு மூன்றாம் வருஷத்துக்குள் போனது. ஆராய்ச்சி, அது இது என்று சமாளித்தாள். அப்போதுதான் அப்பா ரிட்டயர் ஆகும் வருஷம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்ணெல்லாம் சிரிப்பாகச் சொன்னார்: "பள்ளிக்கூடத்துல எனக்கு விழா எடுக்கிறாங்க அம்மாடி. பியூனுக்கு யாராவது விழா எடுப்பாங்களா? ஹெச்எம் சார் ஒரே பிடிவாதம். நீயும் மேடையில உக்காரணுமாம். பட்டத்தோட வந்துடு. அதுதான் எனக்கு வேணும், வேற எதுவும் வேண்டாம்."

 பட்டத்துக்கு எங்கே போவாள்? போகாமலிருக்க ஒரு காரணம் வேண்டும். அப்பா மறுபேச்சுப் பேசாத காரணமாக இருக்கவேண்டும். அவரிடம் அப்படி எடுபடுவது உலகத்திலேயே ஒன்றுதான்.

"அப்பா, அந்த மாசம்தான்ப்பா எனக்குக் கடைசிப் பரீட்சை."

 "எத்தனை பேப்பர்?" என்றார் அப்பா. குரலே மாறியிருந்தது. வராந்தாவில் நிற்கிற குரல்.

எத்தனை என்று இவள் யோசித்து வைக்கவில்லை. விழாவுக்கு முன்னால் ஆரம்பித்து விழா முடிந்து நன்றாகத் தள்ளிப் போகிற மாதிரி இருக்கட்டும் என்று, "ஏழு" என்றாள். "இடையில எட்டு எட்டு நாள் லீவுப்பா. ரெண்டு மாசம் நடக்கும்."

எந்த ஊரில் எட்டு நாள் இடைவெளி விட்டு ஏழு பேப்பர் வைக்கிறார்கள்? வேறு யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள். முப்பத்தெட்டு வருஷம் கேள்வித்தாள் சுமந்தவர் சிரிக்கவில்லை. "பரவாயில்லையே, பிள்ளைங்க படிக்க நல்லா டைம் விட்டிருக்காங்க. வெளிநாடுன்னா வெளிநாடுதான்" என்றார். தேதிகளைக் கேட்டு எழுதிக்கொண்டார். இவள் காலண்டரைப் பார்த்து வாய்க்கு வந்த தேதியைச் சொல்லச் சொல்ல, அவர் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக் கட்டம் கட்டினார். கட்டம் கட்டுகிற சத்தம் போனில் கேட்டது. விழாவைப் பற்றி அதற்கப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை. விழாவையே ஏழாவது பேப்பருக்கு அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைக்கச் சொல்லி ஹெச்எம்மிடம் கேட்டுக்கொண்டார் என்பது இவளுக்கு அப்போது தெரியாது.

"இனிமே ரெண்டு மாசத்துக்குப் போன் பண்ணாத" என்றார் கடைசியில். "நாங்களும் பண்ண மாட்டோம். பேப்பர் அன்னைக்குக் காலைல மட்டும் ஒரு மெசேஜ் போடறேன். வேற எதையும் மனசுல போட்டுக்காத, படி."

போனை வைத்ததும் பெரியவள் மனதில் முதலில் வந்த வார்த்தை என்ன தெரியுமா? அப்பாடா. அந்த ஒரு வார்த்தைக்காக அவள் பிற்பாடு அழுத அழுகை கொஞ்சநஞ்சமில்லை.

நெட்டையிடம் சொன்னபோது அவள் சோற்றில் வைத்த கையை எடுத்தாள். "ஏழு பேப்பரா? ஏண்டி, பொய்யைக் கொஞ்சமா சொல்லக் கூடாதா? கல்யாணப் பந்தி மாதிரி அள்ளி விட்டிருக்க!"

அந்த இரண்டு மாதம் பெரியவள் நன்றாக இருந்தாள். சும்மா சொல்லக் கூடாது, நிஜமாகவே நன்றாக இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பஸ் மாறவேண்டாம், அட்டை மாட்டவேண்டாம். படுத்துத் தூங்கினாள். அறைக்குத் திரைச்சீலை வாங்கிப் போட்டாள். லாண்டரியில் அவளைச் சுத்தப் பக்கத்துக்கு மாற்றினார்கள். அங்கே நெட்டையும் இவளும் ஆளுக்கொரு முனையாக ஈர விரிப்பைப் பிடித்து உதறி, இஸ்திரி உருளைக்குள் விடுவார்கள். அந்தப் பக்கம் மொடமொடவென்று சூடாக வெளியே வரும்.

முதல் பேப்பர் அன்றைக்குக் காலையில் அப்பாவின் செய்தி வந்தது. "முதல் பேப்பர். கேள்வித்தாளை இரண்டு முறை படிக்கவும். நிதானமாக எழுதவும்." நோட்டீஸ் போர்டில் ஒட்டுகிற மாதிரியே எழுதுவார். சாயங்காலம் இவள், "நல்லா எழுதினேன்ப்பா" என்று போட்டாள். இரண்டாவது பேப்பருக்கு, "கூடுதல் தாள் வாங்கினால் மறக்காமல் நூல் கட்டவும்." மூன்றாவதுக்கு, "தெரிந்ததை முதலில் எழுதவும்." பதிலுக்கு இவள் மூன்று தடவையும் அதே பொய்யைப் போட்டாள். மூன்றாவது தடவை கை கூசவில்லை.

நாலாவது பேப்பரிலிருந்து அந்தச் செய்திகளை அனுப்பியது அப்பா இல்லை, சின்னவன். அப்பா மாதிரியேதான் எழுதியிருந்தான். ஆனால் "ஆல் தி பெஸ்ட்" என்று ஒரு வார்த்தை கூடுதலாக இருந்தது. அப்பா ஆயுசில் அப்படி எழுதினதில்லை. பெரியவள் கவனித்தாளா? கவனித்தாள். "பரவாயில்லையே, அப்பா ஸ்டைலு மாறிட்டார்" என்று நெட்டையிடம் காட்டிச் சிரித்தாள்.

ஏழாவது பேப்பர் 'முடிந்த' மறுநாள், சொல்லவேண்டியதையெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போன் போட்டாள். எடுத்தது அம்மா.

"முடிஞ்சுதாம்மா? எல்லாப் பேப்பரும் முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதும்மா."

"இனிமே ஒண்ணும் இல்லையே? திரும்ப எழுதறது, கிழுதறது ஒண்ணும் இல்லையே?"

"இல்லம்மா. ஏன்மா, குரல் ஒரு மாதிரி இருக்கு? அப்பா எங்க?"

அதற்கப்புறம் அம்மா போட்ட சத்தத்தில் போன் சின்னவன் கைக்குப் போனது. அவன்தான் சொன்னான். கோர்வையாகச் சொல்லவில்லை, திக்கித் திக்கிச் சொன்னான். மூன்றாவது பேப்பர் முடிந்து இரண்டாம் நாள் அப்பாவுக்கு வயிற்று வலி. அஜீரணம் என்று சோடா குடித்துவிட்டு மணி அடிக்கப் போய்விட்டார். மணியடிக்கிற இடத்திலேயே சுருண்டு விழுந்தார். ஆஸ்பத்திரியில் பார்த்தால் குடல் ஓட்டையாகி, கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது. இருபத்தைந்து நாள் கிடந்தார். ஆறாவது பேப்பர் அன்றைக்கு விடியற்காலையில் போய்விட்டார்.

"அக்கா, அவர்தான்க்கா சொல்லக் கூடாதுன்னார். சத்தியம் வாங்கிக்கிட்டார். ஏழாவது பேப்பர் முடியற வரைக்கும் அவகிட்ட மூச்சு விடக் கூடாதுன்னார். அந்தக் கட்டம் கட்டின தாளை ஆஸ்பத்திரிக்கே கொண்டுவரச் சொல்லித் தலைமாட்டுல வெச்சுக்கிட்டார். தினம் கேப்பார், இன்னும் எத்தனை பேப்பர்னு. 'கடைசிப் பேப்பர் முடிஞ்ச உடனே போன் போட்டுக் குடு, அவகிட்ட பேசிட்டா எனக்குப் போதும்'னார். அவ்வளவு நாள் தாங்கிடுவேன்னுதான்க்கா அவரும் நெனச்சார்."

"ஆறாவது பேப்பருக்கு மெசேஜ் வந்துதேடா" என்றாள் பெரியவள். எதையாவது பிடித்துக்கொள்ளவேண்டும் போலிருந்தது.

"நான்தான் போட்டேன். ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு. உன் பதிலும் வந்துச்சு, நல்லா எழுதினேன்ப்பான்னு. அப்பதான் அவரை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தோம்."

ஏழு என்று சொன்னது இவள். யாரும் கேட்டு வாங்கவில்லை. ஐந்து என்று சொல்லியிருந்தால் அந்த மனுஷன் மகளோடு பேசிவிட்டுப் போயிருப்பார். மூன்று என்று சொல்லியிருந்தால் இவள் ஊருக்கே போய்ச் சேர்ந்து, கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டிருப்பாள். அன்றைக்கு முழுக்க அறைத் தரையில் உட்கார்ந்து இதையேதான் திரும்பத் திரும்ப நெட்டையிடம் சொன்னாள்.  நெட்டை பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

பெரியவள் ஊருக்குப் போனாள். அந்த விழா, அதே தேதியில், இரங்கல் கூட்டமாக நடந்தது. அவளை மேடையில் உட்காரவைத்தார்கள். அப்பா ஆசைப்பட்ட அதே மேடை. ஹெச்எம் மைக்கைப் பிடித்து, "சாகக் கிடந்தபோதும் மகளோட பரீட்சை கெடக் கூடாதுன்னு நெனச்ச மனுஷன் இவர். பிள்ளைகளே, அந்தப் பரீட்சையை எழுதி முடிச்ச மகள் இதோ உங்க முன்னாடி உக்காந்திருக்காங்க" என்றார். ஆயிரத்து இருநூறு பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். பெரியவளுக்கு மேடை பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. கும்பிட்ட கையை இறக்கத் தெரியாமல் நின்றாள். கீழே முதல் வரிசையில் அம்மா, அழுதுகொண்டே, கொஞ்சம் பெருமையாகவும் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெருமை ஒன்றுதான் அம்மாவுக்கு மிச்சம். அதையும் பிடுங்கவா? வாயை மூடிக்கொண்டு திரும்பி வந்தாள்.

அப்புறம் ஒன்பது வருஷம் ஓடியது. லாண்டரியிலேயே சுத்தப் பக்கத்துக்கு மேற்பார்வைக்காரி ஆனாள். வீட்டில் கேட்டால், "லேப்ல வேலை" என்பாள். வருஷா வருஷம் ஊருக்குப் போனாள், அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் செய்துவைத்தாள், சின்னவனுக்குக் கல்யாணம் செய்துவைத்தாள். தனக்கு ஒன்றும் செய்துகொள்ளவில்லை. வந்த ஒன்றிரண்டு வரனையும் பிடி கொடுக்காமல் தட்டிக்கழித்தாள். கட்டிக்கொள்கிறவனிடமும் அந்தப் பரீட்சைக் கதையைச் சொல்லவேண்டி வருமே. நெட்டை கல்யாணமாகிப் போய்விட்டாள், இஸ்திரி உருளைக்கு அந்தப் பக்கம் வேறு வேறு ஆட்கள் வந்து போனார்கள்.

சின்னவனும் முன்போல் இல்லை. கலகலவென்று இருந்தவன், அப்பா போனதிலிருந்து சுருங்கிப்போனான். அக்காவைப் பார்த்தால் கண்ணைக் கொடுத்துப் பேசமாட்டான். "உங்ககிட்ட சொல்லாம விட்டது அவர் மனசை அரிக்குதுங்க அண்ணி, தூக்கத்துல எழுந்து உக்காந்துக்கிறார்" என்று அவன் மனைவி ஒரு தடவை போனில் சொன்னாள். பெரியவளுக்கு அதைக் கேட்டதிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. செய்யாத தப்புக்குத் தம்பி வெந்துகொண்டிருக்கிறான். ஒரு வார்த்தை சொன்னால் அவன் பாரம் இறங்கிவிடும். சொன்னால் அக்கா என்ற மரியாதை போகும். போகட்டும் என்று தோன்றுவதற்கு அவளுக்கு அத்தனை வருஷம் ஆனது.

சின்னவன் லிப்ட் மெக்கானிக். அவன் கம்பெனி பத்து நாள் பயிற்சிக்கென்று அவள் இருந்த நாட்டுக்கே அவனை அனுப்பியது. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொன்னவன், வகுப்பு சீக்கிரம் முடிந்ததால் சனிக்கிழமை மத்தியானமே வந்துவிட்டான். வீட்டில் ஆளில்லை. பக்கத்து வீட்டுக்காரர் லாண்டரிக்கு வழி சொன்னார்.

பெரியவள் நீல அங்கியும் தலையில் வலைத் தொப்பியுமாக விரிப்பு வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தபோது, லாரி நிற்கிற இடத்தில் சின்னவன் கையில் ஒரு பையோடு நின்றான். அவளை மேலும் கீழும் பார்த்தான். "என்னக்கா, லேப்புன்னா இவ்வளவு பெருசா இருக்கும்னு நீ சொல்லவே இல்லையே" என்றான். பழைய சின்னவனின் கிண்டல், ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக. பெரியவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

தொழிலாளர்கள் டீ குடிக்கிற அறைக்குக் கூட்டிப்போனாள். மத்தியான ஷிப்டு ஆரம்பித்துவிட்டதால் அங்கே யாரும் இல்லை. அவன் டீயை ஆற்றிக்கொண்டிருந்தபோதே சொல்லிவிட்டாள்.

"டேய், எனக்கு ஒரு பரீட்சையும் இல்லடா அப்ப. அதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே காலேஜ்ல என்னை வெளிய அனுப்பிட்டாங்க. அப்பாவோட விழாவுக்கு வர வெட்கப்பட்டுக்கிட்டு, நானா கட்டிவிட்ட பொய் அந்த ஏழு பேப்பர். நீ என்கிட்ட சொல்லாதது தப்பே இல்ல. தப்பு பூரா என்னோடது. நீ தூக்கத்தைக் கெடுத்துக்காத."

சின்னவன் கோப்பையைக் கீழே வைத்தான். திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். எழுந்து போய்விடுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒரு பேப்பர் கூட இல்லையா?" என்றான்.

"ஒண்ணு கூட இல்ல."

"ஆறாவது பேப்பரும் இல்லையா?"

"இல்லடா."

அவன் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். கைக்குள்ளிருந்தே பேசினான். "உன்கிட்ட சொல்லாம விட்டதுக்கு இல்லக்கா நான் தூங்காம இருக்கிறது. அது அவர் சொன்னது, நான் செஞ்சேன். இது வேற. அவர் போனதுக்கு முந்தின நாள் சாயங்காலம், அம்மா டீ வாங்கப் போயிருந்தாங்க. திடீர்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'போன் போடுடா, அவ குரலை ஒரு தடவை கேட்டுக்கறேன்'னார். நான் மாட்டேன்னேன். 'ஒரே நிமிஷம்டா. நான் பேசக் கூட மாட்டேன், அவ ஹலோ சொன்னதும் வெச்சுடறேன்'னு கெஞ்சினார்க்கா. அப்பா என்கிட்ட கெஞ்சினார். நான் பெரிய இவன் மாதிரி, 'நாளைக்கு அவளுக்கு ஆறாவது பேப்பர்ப்பா, நீங்கதானே சத்தியம் வாங்கினீங்க'ன்னேன். அவர், 'அட ஆமா, மறந்துட்டேன் பாரு, படிச்சுக்கிட்டு இருப்பா, வேண்டாம் வேண்டாம்'னு கையை எடுத்துக்கிட்டார். அதுக்கப்புறம் பேசவே இல்ல."

சுவருக்கு அந்தப் பக்கம் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. பெரியவளுக்கு அவனைத் தொடவேண்டும் போலிருந்தது, கை எழவில்லை.

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான். ஒன்பது வருஷத்துக்கப்புறம் அவள் கண்ணை நேராகப் பார்த்துக் கேட்டான்.

"அன்னைக்கு நீ எங்கக்கா இருந்த?"

"ரூம்லதான்டா இருந்தேன்" என்றாள் பெரியவள். "ஞாயித்துக்கிழமை. வேலை இல்ல. போனைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு சும்மாதான் படுத்திருந்தேன்."